காலி டப்பா

“ஒரு டப்பாவுல மலம் எடுத்துக் குடுக்க இவ்வளவு பிகுவா?” சக்கர நாற்காலியில் இருந்த தங்கை அலுத்துக்கொண்டாள்.

அவளுடைய நோய் எதிர்ப்பு அணுக்களே அவள் நரம்புகளைத் தாக்கிக்கொண்டிருந்தன. குடல் பாக்டீரியாக்கள்தான் அவற்றைத் தூண்டிவிடுகின்றனவா என்று ஒப்பிட்டுப் பார்க்க, இரட்டையரில் நோயில்லாத அக்காவின் மலத்தையும் டாக்டர் கேட்டிருந்தார்.

“நேரமில்லடி” என்றாள் அக்கா.

“இதுக்குக்கூடவா? ஒண்ணாப் பொறந்து என்ன புண்ணியம்? வரவர உனக்கு என்மேல அக்கறையே இல்லக்கா. நேத்துக்கூட வெந்நீரைக் கொதிக்கக் கொதிக்க முதுகுல ஊத்துனே.”

அக்கா காலி டப்பாவை மேஜைமேல் வைத்துவிட்டு அசந்துபோய் உட்கார்ந்தாள்.

“டாக்டருக்கு நோயில்லாதவளோடதுதான் வேணும்.”

“அது நீதானே?”

“நேத்து வெந்நீரைக் கைவிட்டுப் பாத்துட்டுத்தான்டி ஊத்துனேன்” என்றாள் அக்கா. “எனக்குச் சுடவே இல்ல.”