கயிறு பிடிக்க ஓர் ஆள்

“மோட்டரை நிப்பாட்டியிட்டம் ஐயா. நீங்கள் தண்ணியிலை இறங்கத் தேவையில்லை. வந்து கயிற்றைப் பிடிச்சால் காணும்.”

கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையின் பொறியியலாளர் செந்தூரன் முற்றத்தில் நின்று கெஞ்சினான். கனிசியஸ் வலை பொத்துவதை நிறுத்தவில்லை. ஆலை வந்தால் மீன் போய்விடும் என்று ஊரே வீதியில் படுத்துக் கிடந்தபோது இவர்களில் ஒருவராவது எட்டிப் பார்த்தார்களா?

இப்போது எங்கிருந்தோ கப்பலில் ஒட்டிக்கொண்டு வந்த கருஞ்சிப்பி, ஆலை கடல்நீரை உறிஞ்சும் குழாயை அடைத்துவிட்டது. கனிசியஸுக்கு உள்ளூர ஒரே கொண்டாட்டம்.

“நாங்கள் செய்யேலாததைச் சிப்பி செய்து போட்டுது. நல்லா அடைக்கட்டும்!”

“சிப்பி சுரண்ட ஒருத்தர் குழாய்க்குள்ளை போயிட்டார் ஐயா. கயிறு இழுபடுது. என்ன சொல்லுறாரெண்டு எங்களுக்கு விளங்கேல்லை.”

கனிசியஸின் கை ஒரு கணம் நின்றது. சங்கு குளிக்கிற ஊர் அது. சிலிண்டர் பூட்டி இறங்கினாலும் உயிர் கயிற்றில்தான். அதனால் அங்கே சொந்தக்காரனைத் தவிர வேறெவன் கையிலும் கயிற்றைக் கொடுக்கமாட்டார்கள்.

“ஆரவன்?”

“பேர் சொல்லமாட்டன் எண்டு வாக்குக் குடுத்திட்டன்.” செந்தூரனின் பார்வை குசினிப் பக்கம் போய் வந்தது.

“உவன் இன்னாசித்தம்பியாத்தான் இருக்கும். ஆலைப் பக்கம் போறேல்லை எண்டு அந்தோனியார் முன்னாலை எல்லாரும் சத்தியம் பண்ணினது! என்ரை மகன் பிரகாஸ் இஞ்சின் திருத்தக் குருநகர் போயிட்டான். அவன் நிண்டிருந்தால் உம்மைப் படலைக்குள்ளையும் விட்டிருக்கமாட்டான்.”

குசினி வாசலில் மருமகள் ஜெசிதா வந்து நின்றாள்.

“போங்கோ மாமா. ஆரெண்டாலும் உயிரெல்லோ?”

“நீ பேசாமல் இரு பிள்ளை!”

இரக்கம் வராமல் இல்லை. ஆனால் ஊருக்கு முன்னால் தானே சொல்லிக்கொடுத்த சத்தியத்தைத் தானே மீறுவதா? அவர் ஊசியை மறுபடி வலைக்குள் குத்தினார்.

“காசுக்காகச் சத்தியத்தை வித்தவனுக்கு நான் கயிறு பிடிக்கமாட்டன். போய் அவன்ரை சொந்தக்காரனைக் கூப்பிட்டுப் பிடிக்கச் சொல்லும்!”

ஜெசிதா ஓடிவந்து அவர் காலைக் கட்டிக்கொண்டாள்.

“அதுக்குத்தான் மாமா, இவர் உங்களைக் கூப்பிட வந்தவர்!”