பாஸ்புக்கில் இருப்பவர்

ஆலங்கட்டி மழை அடித்துப்போட்டிருந்த தக்காளித் தோட்டத்தை, ராமகுப்பம் விவசாய அதிகாரி போட்டோ எடுத்தார்.

"நெலத்துப் பட்டா பாஸ்புக்கு உங்க பேருல இல்லியே?"

"இல்ல சார். ஓனரு பெங்களூருல இருக்காரு. நாத்து நட்டது, தண்ணி கட்டுனது எல்லாம் நான்தான்" என்றார் முனிரத்தினம்.

"அப்போ குத்தகை. ஓனரு சம்மதிச்சாத்தான் நஷ்டஈடு உங்களுக்கு வரும்."

"மூணு நாளா போன் பண்ணிக்கினே இருக்கேன். எடுக்கல சார்."

அதிகாரி தன் போனில் கூப்பிட்டு விவரம் சொன்னார். ஸ்பீக்கரில் குரல் கேட்டது.

"அந்தப் பெரியவரா? நெலத்தப் பாத்துக்கறவரு. காச என் அக்கவுண்ட்லயே போட்டுடுங்க. மீட்டிங்ல இருக்கேன்."

அதிகாரிக்குக் கோபம் வந்தது. "என்ன மனுஷன்யா! பயிரு போச்சேன்னு ஒரு வார்த்தை கேக்கல."

"வேலை ஜாஸ்தி சார். திட்டாதீங்க."

"இந்த ஆளுக்குப் போயி பரிஞ்சு பேசறீங்களே!" அதிகாரி படிவத்தை எடுத்தார். "ஓனரு பேரு ஹரிபாபு. தகப்பன் பேருன்னு ஒரு கட்டம் இருக்கு. அவரோட நைனா பேரு தெரியுமா?"

"முனிரத்தினம்."

"உங்க பேரக் கேக்கல பெரியவரே."

"அதேதான் சார்" என்றார், தலையைத் தூக்காமல். "பையன் பேருல நெலம் இருந்தாத்தான் பொண்ணு குடுப்போம்னாங்க. மாத்திக் குடுத்துட்டேன்."

அதிகாரியின் பேனா நின்றுவிட்டது.

"எழுதுங்க சார். அந்த ஒரு எடத்துலதான் என் பேரு மிச்சம் இருக்குது."