தெரு நாயா, வீட்டு நாயா?

நாய்க்கடி ஊசி வரிசையில் மகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் காலில் கட்டு.

நர்ஸ் எல்லாரிடமும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார். தெரு நாயா, வீட்டு நாயா? வீட்டு நாய் என்றால் நகராட்சிக்குத் தகவல் போகும். அவர்கள் வந்து அதைப் பிடித்துக் கூண்டில் வைக்க வேண்டும்.

முதல் ஊசிக்கு வந்தபோது வீட்டு நாய் என்றுதான் சொன்னேன். எங்கள் தெருவில் பெரிய இரும்புக் கேட் போட்ட வீடு, கவுன்சிலரின் மச்சான் வீடு. அங்கே வளர்கிற தடியன்தான் கடித்தது. தெருவுக்கே தெரியும்.

நேற்று நகராட்சியின் நாய் பிடிக்கிற வேன் வந்தது. கூடவே சுகாதார இன்ஸ்பெக்டர். அப்பாடா என்று வாசலுக்கு ஓடினேன்.

மனுஷன் அந்தக் கேட்டைத் தொடவே இல்லை. சாதுவான நாயாம். லைசென்ஸ் இருக்கிறதாம். பிள்ளையின் காலைக் காட்டினேன். கடித்த நாய் அதில் கையெழுத்துப் போட்டிருக்கிறதா என்று கேட்டார். இவரெல்லாம் பிள்ளை குட்டி பெற்றவர்தானா!

வந்த வேன் வெறுமனே திரும்பலாமா? ஆட்கள் பிஸ்கட்டை நீட்டினார்கள். வாலை ஆட்டிக்கொண்டு வந்தது நொண்டி. எங்கள் தெருவுக்கென்று இருந்த ஒரே நாய், பல் போன கிழம். அன்றைக்குக் குறுக்கே விழுந்து என் பிள்ளையைக் காப்பாற்றியதே அதுதான்.

கழுத்தில் சுருக்குப் போட்டு ஏற்றிவிட்டார்கள். கடித்த நாயைப் பிடித்தாயிற்று என்றார் இன்ஸ்பெக்டர். மகள் அழுத அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது.

வேன் போனதும் அவர் மட்டும் அந்தக் கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே போனார். காரியம் முடிந்தது என்று சொல்லத்தான், வேறென்ன. பார்க்கப் பிடிக்காமல் கதவைச் சாத்திக்கொண்டேன்.

இங்கே வரிசையில் நர்ஸ் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். கையைத் துண்டால் மூடிக்கொண்டு சுவரையே பார்த்து உட்கார்ந்திருந்த ஒருவர் எழுந்து துண்டை விலக்கினார். முழங்கைக்குக் கீழே நன்றாகப் பல் பதிந்திருந்தது.

இன்ஸ்பெக்டர்.

எந்த இடத்தில் வைத்துக் கடித்தது என்று நர்ஸ் கேட்டார். அவர் எங்கள் தெருவின் பெயரைச் சொன்னார். அடுத்து அந்தக் கேள்வி வந்தது.

அவர் திரும்பினார். மகளின் கட்டு கண்ணில் பட்டது. இப்போதாவது சொல்லய்யா, உன்னையே கடித்ததென்றால் அந்தத் தடியனை யாராலும் காப்பாற்ற முடியாது என்று மனசு அடித்துக்கொண்டது.

“தெரு நாய்தாம்மா.”

மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு எழுந்தேன்.

“எங்க தெருவுல இருந்த ஒரே தெரு நாயை நேத்து நீங்கதானே சார் வேன்ல ஏத்துனீங்க? அப்புறம் உங்களைக் கடிச்சது எது?”

நர்ஸ் பேனாவை மேசைமேல் வைத்தார். இன்ஸ்பெக்டரை நிமிர்ந்து பார்த்து, அதே கேள்வியை மறுபடி கேட்டார்.