தண்ணீர்ப் பையின் ஏக்கம்

ஓடினால் சுடும், ஓடிவந்து சட்டென்று ஓய்ந்தால் இன்னும் சுடும். அது என்ன? யோசித்துக்கொண்டே கதையைக் கேளுங்கள்.

பந்தயத் திடலின் கொட்டகையில், கெட்டித் துணியில் தைத்த தண்ணீர்ப் பை ஒன்று தொங்கியது. ஒரு காலத்தில் அது மலைப்பாதை ஜீப்பின் முகப்பில் தொங்கிய பை. ஏற்றத்தில் ஜீப் கொதித்தால் எல்லோரும் இறங்கிவிடுவார்கள். எஞ்சினை அணைத்து, ஆறவைத்து, ரேடியேட்டரில் பைத் தண்ணீரை ஊற்றுவார்கள். மிச்சத்தை ஆளுக்கொரு வாய் குடித்துவிட்டு, பாறையில் உட்கார்ந்து கதையளப்பார்கள். அந்தச் சிரிப்புச் சத்தத்தைப் பை இன்னும் மறக்கவில்லை. இப்போதும் யாரோ பழக்கத்தில் அதை நிரப்பிவைத்தார்கள். ஆனால் தொடுவார் இல்லை.

அன்று சித்திரை வெயிலில் பந்தயக் கார் பத்துச் சுற்று ஓடிவந்து, உறுமியபடி நின்றது. ஓட்டிவந்த அம்மா இறங்கி, குழாயடியில் முகம் கழுவினாள். மகள் எழிலி காரில் மாட்டியிருந்த சாவியருகே நின்றாள்.

“அணைத்துவிட்டு என்னை அதன்மேல் ஊற்று, கண்ணு! எத்தனை வருஷமாகக் காத்திருக்கிறேன்!” என்றது பை.

“ஐயையோ, வேண்டாம் தாயி!” என்று கார் அலறியது. “அணைத்தால் எனக்குள் தண்ணீர் ஓடுவது நின்று, எஞ்சினில் சூடு ஏறிவிடும். மேலே பச்சைத் தண்ணீர் பட்டால் விரிசலே விட்டுவிடும். ஐந்து நிமிஷம் இப்படியே மெதுவாக உறுமவிடு.”

“அப்படியென்றால் எனக்கு இங்கே என்ன வேலை?” என்றது பை.

எழிலி எஞ்சினை அணைக்கவில்லை. பையைக் கழற்றி, அம்மாவுக்கு ஒரு வாய் கொடுத்து, தானும் ஒரு வாய் குடித்தாள்.