கழுத்துக்கு ஓர் ஒப்பந்தம்

குளத்தங்கரை வாத்துகளின் கூடைப்பந்து அணி தோற்றுத் தோற்றே பேர் வாங்கியது. வளையம்வரை பந்தை எறிய எந்த வாத்துக்கும் தெம்பில்லை. ஆகவே மேலாளர் வாத்து எங்கெங்கோ அலைந்து ஓர் ஒட்டகச்சிவிங்கியைப் பிடித்து வந்தது.

"இந்த வருஷம் முழுக்க வேற அணிக்குப் போகக் கூடாது" என்றது வாத்து.

"நடுவுல என் கழுத்து சுளுக்கிக்கிட்டா? என்னை அம்போன்னு விட்டுடுவீங்களே!" என்றது சிவிங்கி.

வாத்துக்கு அது நியாயமாகப் பட்டது. மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டு, இரண்டு பேருக்கும் நல்லதாக ஒரு ஷரத்து எழுதியது. கழுத்து சுளுக்கினாலும் சாப்பாடு உண்டு. சுளுக்காமல் முடிகிற ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கூடுதலாக ஒரு கட்டு கருவேலந்தழை.

முதல் ஆட்டத்தில் பந்து நேராகச் சிவிங்கியிடம் வந்தது. அது நாசூக்காக விலகி வழிவிட்டது. எதிரணி முயல்கள் அறுபது புள்ளி எடுத்தன, வாத்துகள் பூஜ்யம். மேலாளர் பதறி ஓடிவந்து கழுத்தைத்தான் தடவிப் பார்த்தது. ஒரு கீறல்கூட இல்லை. மேலாளருக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்த வருஷம் ஓர் ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. கழுத்து மட்டும் புத்தம் புதுசாக இருந்தது.

ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க உட்கார்ந்தபோது சிவிங்கி தயங்கியது.

"எல்லாம் திருப்திதான், மேலாளரே. அந்தப் பந்து ஒண்ணுதான் எப்பப் பார்த்தாலும் பயமா இருக்கு."

வாத்து யோசித்தது. ஆட்டத்திலிருந்தே எடுத்துவிட்டால் பந்தும் தேயாது.

"எடுத்துடலாம்" என்று சொல்லி, சந்தோஷமாகக் காலைப் பதித்துக் கையெழுத்துப் போட்டது.