படிவத்தில் இருந்த சொல்

புத்தூர் இளைஞர் கழகத்தில் அம்பெய்யவும் காற்றுத் துவக்குச் சுடவும் பழக்கினார்கள். பதினேழு வயது வினோஜாவோடு தாய் மீனாம்பிகை வந்திருந்தாள். கையில் வெங்காயத் தோட்டத்து மண் இன்னும் காயவில்லை. படிவத்தின் முதல் வரியிலேயே அவள் பேனா நின்றுவிட்டது.

“‘பயிற்சிக்கு அனுப்பச் சம்மதம்’ எண்டு கிடக்கு. உந்தச் சொல்லுக்கு நான் கையெழுத்து வைக்கமாட்டன்.”

“அம்மா, மானத்தை வாங்காதேங்கோ.”

“வாயை மூடடி. வன்னியில இருக்கேக்கை உன்ரை அண்ணனும் இயக்கத்திலை பயிற்சிக்கெண்டுதான் போனவன். அப்ப நீ கைக்குழந்தை. இண்டைவரைக்கும் அவன் வரேல்லை.”

கழகத்தில் பழக்குகிற ஜெயசுதன் அந்தச் சொல்லை வெட்டிவிட்டு, ‘விளையாட்டுக்கு’ என்று எழுதினான்.

“இஞ்சை நான் விசில் ஊதாமல் ஒருத்தரும் வில்லைத் தொட ஏலாது அம்மா. அஞ்சு மணிக்கு உங்கடை கையிலைதான் பிள்ளையைத் தருவன்.”

“அண்டைக்கு என்ரை மூத்தவனைக் கூட்டிக்கொண்டு போக வந்த பெடியனும் உப்பிடித்தான் சொன்னவன். ‘ஒரு கிழமைதான் அம்மா, நானே கூட்டிக்கொண்டு வந்து விடுறன்’ எண்டு.”

ஜெயசுதன் வினோஜாவை மைதானத்துக்குப் போகச் சொன்னான். அவள் போனபிறகு, குனிந்த தலையோடு சொன்னான்.

“அது நான்தான் அம்மா. அப்ப எனக்குப் பத்தொன்பது வயசு.”

மீனாம்பிகை பேனாவை மேசையில் வைத்தாள்.

“தெரியும். போன மாசம் கோயில் திருவிழாவிலை கழகத்துக்குப் பிள்ளையளைச் சேர்க்கச் சொல்லி நீ மைக்கிலை கதைச்சாய். குரலிலையே பிடிச்சிட்டன். நான் இவளைச் சேர்க்க வரேல்லைத் தம்பி. சொல்லு, அவனை எங்கை விட்டிட்டு வந்தனி?”