எட்டாவது தட்டு

ஏழு நோயாளிகளின் சளி, ஏழு வளர்ப்புத் தட்டுகள், ஏழிலும் ஒரே கரும்பச்சைப் பூஞ்சை.

திங்கட்கிழமை காலை ஆய்வகத் தலைவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, மருத்துவமனையில் பூஞ்சை நோய் பரவுவதாக அறிவித்தார். குரலில் கவலையைவிடக் கல்யாணக் களை அதிகம்.

மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் பூஞ்சைப் புலி. அது கிண்டல் என்பது இன்றுவரை அவருக்குத் தெரியாது.

மாலைக்குள் கருத்தரங்கக் கட்டுரைக்குத் தலைப்பு தயார். கட்டுரை பிறகு.

ஆய்வகத்தில் டெக்னீஷியனாக இருக்கும் அம்மாவின் கவலை வேறு. மூன்றாம் தட்டுக்குரியவர் ஒரு பஸ் டிரைவர். ஒரு சிறுநீரகத்தைத் தன் அக்காவுக்குக் கொடுத்துவிட்டு, மிச்சமிருக்கும் ஒன்றை வைத்து வண்டி ஓட்டிக்கொண்டிருப்பவர். பூஞ்சைக்கான ஊசி முதலில் கை வைப்பது சிறுநீரகத்தில்தான். மருந்து வியாழக்கிழமை வந்து சேரும். மூன்று மணிக்கு முதல் ஊசி.

சளியை நேரடியாக நுண்ணோக்கியில் பார்த்தபோது ஏழு பேரிடமும் ஒரு பூஞ்சை இழைகூடத் தென்படவில்லை, தட்டில் மட்டும் எப்படி வளரும் என்று அந்த அம்மா இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். பார்க்கிற கண்ணுக்கு அனுபவம் போதாது என்று புலி உறுமியது.

வியாழன் இரண்டரை மணி. அந்த அம்மா எட்டாவதாக ஒரு தட்டை அவர் மேசையில் வைத்தார்.

புலியின் முகம் மலர்ந்தது. மற்ற ஏழையும்விட இது முற்றிய நிலை, நுரையீரல் பாதி போயிருக்கும், ஊசியை உடனே தொடங்க வேண்டும், வீட்டாருக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். மூச்சுவிடாமல் தீர்ப்பு வந்தது.

“எந்த வார்டும்மா? நானே போய்ப் பாத்துடறேன்.”

மூடிகள் இடம் மாறிவிடும் என்பதால், விவரங்களைத் தட்டின் அடிப்பக்கத்தில்தான் எழுதுவார்கள். தட்டைத் திருப்பிப் பார்ப்பது பெரிய மனிதர்கள் செய்கிற வேலை இல்லை.

அந்த அம்மா திருப்பிக் காட்டினார்.

‘நோயாளி: யாருமில்லை. சளி தடவாத வெறும் தட்டு. திங்கள் காலை, ஆய்வக ஏசிக்கு நேர் கீழே, பத்து நிமிடம் திறந்து வைத்தது.’

புலி இரண்டு தடவை படித்தது. பிறகு வார்டுக்கு ஃபோன் போட்டு, ஏழு ஊசிகளையும் நிறுத்தச் சொன்னது.

“எனக்கு முதல்லேர்ந்தே ஒரு சந்தேகம்” என்றது.